ரிஃப் தாங்கும் பாட்டும் கார்டு தாங்கும் பாட்டும்

கிதார் உரக்க ஒலித்தாலே அதை ரிஃப் பாடல் என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். சத்தம் இதற்கு அளவுகோலே அல்ல. ரிஃப் என்னும், சில சுரங்களால் ஆன ஒரு சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வந்து முழுப் பாட்டையும் தாங்க வேண்டும்.

டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' (1972) பாடலைக் கவனியுங்கள். அதன் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல், விரல்களால் இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டுகிறார். முதலில் கிதார் மட்டும்தான். பிறகு ஆர்கன், டிரம்ஸ், பேஸ் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. குரல் நுழைவதற்குள் பாட்டு நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. பிளாக் சப்பாத்தின் 'அயர்ன் மேன்' (1970) இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே பாடகரும் ரிஃப்பின் மெட்டையே பாடுகிறார்!

பாப் டிலனின் 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்' (1973) வேறு வகை. அதைத் தாங்குவது கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின் தொகுப்பு. ஜி, டி, ஏ மைனர், சி என்ற கார்டுகளை மட்டும் வாசித்தால் அது எந்தப் பாட்டாகவும் இருக்கலாம். குரலும் வரிகளும்தான் அதற்கு முகம் தருகின்றன. பியானோவில் வாசித்தாலும் குறையில்லை.

கார்டுகளாலேயே ரிஃப் அமைவதும் உண்டு. தி கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ' (1964) அப்படிப்பட்டது. அதன் கிதார் கலைஞர் டேவ் டேவிஸ் ஒலிபெருக்கியின் கூம்பை பிளேடால் கிழித்து அந்தக் கரகரப்பைக் கொண்டுவந்தார். ஆனால் அதை ரிஃப் ஆக்குவது கரகரப்பு அல்ல, வெட்டி வெட்டி விழும் அந்தத் தாளம்தான். சாதாரண கிதாரில் வாசித்தாலும் உடனே அடையாளம் தெரிந்துவிடும்.