டோக்காயா, கிரெக்கோவா, ஜேவியா? பழைய ஜப்பானிய ஸ்ட்ராட்டை இனம் காணும் வழி

1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் ஜப்பானில் செய்த ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ கிட்டார் என்று சொல்லி ஒன்று விலைக்கு வந்தால், பெரும்பாலும் அது டோக்காய் ஸ்பிரிங்கி சவுண்ட், கிரெக்கோ எஸ்இ, ஃபெண்டர் ஜப்பான் ஜேவி ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது, விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். மூன்றும் விட்டுச்செல்லும் தடயங்களும் வேறு வேறு. ஒன்றுக்குப் பொருந்தும் சோதனையை இன்னொன்றில் போட்டால் தவறான முடிவுதான் கிடைக்கும்.

முதலில் ஒரு சொல்லை ஒதுக்கிவிடலாம். விற்பவர்கள் மூன்றுக்குமே ‘லாசூட் கிட்டார்’, அதாவது வழக்கில் சிக்கிய கிட்டார் என்று பெயர் வைக்கிறார்கள். அந்த வழக்கு 1977-இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் என்ற ஜப்பானிய பிராண்டின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்கர் மீது தொடுத்தது. சண்டை கிப்சன் ஹெட்ஸ்டாக்கின் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி) வடிவத்தைப் பற்றியது, 1978-இல் சமரசமாக முடிந்தது. ஸ்ட்ராட் வடிவ டோக்காய்க்கும் கிரெக்கோவுக்கும் அதில் பங்கே இல்லை. விளம்பரத்தில் அந்தச் சொல் இருந்தால் விற்பவருக்கு மாடல் தெரியவில்லை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, யார் எங்கே செய்தது. டோக்காய் காக்கி ஷிசுவோகா மாகாணத்தின் ஹமாமாட்சுவில் இருக்கும் நிறுவனம். கிரெக்கோ, கண்டா ஷோக்காய் என்ற வணிக நிறுவனத்தின் பிராண்ட். நாம் பேசும் காலத்து எஸ்இ கிட்டார்களை நாகானோ மாகாணத்தின் மட்சுமோட்டோவில் உள்ள ஃபூஜிஜென் தொழிற்சாலை செய்தது. 1982-இல் ஃபெண்டர், கண்டா ஷோக்காய், யமானோ காக்கி மூன்றும் கூட்டுச் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கின. கிட்டார் செய்யும் வேலை அதே ஃபூஜிஜெனுக்குப் போனது. அதோடு கிரெக்கோ பெயரில் ஸ்ட்ராட் நகல் வருவது நின்றது. ஆகவே 1981-இன் நல்ல எஸ்இயும் 1982-இன் ஜேவியும் ஒரே கூரைக்குக் கீழே பிறந்தவை. இதைத் தெரிந்து வாங்குபவர்கள் கிரெக்கோவைத்தான் தேடுவார்கள். லோகோவுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

மாடல் எண்ணைப் படிக்கும் முறையில்தான் புதியவர்கள் முதலில் இடறுகிறார்கள். மூன்றிலும் எண் என்பது அன்றைய ஜப்பானிய விலை. டோக்காயில் ஆயிரம் யென் கணக்கு: எஸ்டி-50 என்றால் 50,000 யென், எஸ்டி-80 என்றால் 80,000. கிரெக்கோவில் நூறு யென் கணக்கு: எஸ்இ-500 என்றால் 50,000, எஸ்இ-800 என்றால் 80,000. அதாவது எஸ்இ-800-க்குச் சரியான போட்டி எஸ்டி-80. ஃபெண்டர் ஜப்பானில் முன்னால் வடிவமைப்பு ஆண்டு, பின்னால் ஆயிரம் யெனில் விலை: எஸ்டி57-65 என்பது 1957 மாதிரி, 65,000 யென். எஸ்டி62-115 என்பது 1962 மாதிரி, 115,000 யென். 115 வரிசையில் அமெரிக்க பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம்) நைட்ரோ லாக்கர் என்ற மெல்லிய பூச்சும் உண்டு. 65-இல் அவை இல்லை. ஒருவர் 115 என்று சொல்லி விற்றால், பிக்கார்டை (பிக்கப்களைச் சுற்றி உடம்பின் மேல் இருக்கும் தகடு) கழற்றிக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

சீரியல் எண்ணில் மூன்றும் வெகுவாகப் பிரிகின்றன.

கிரெக்கோவினுடையது படிக்க எளிது. ஓர் எழுத்து, பிறகு ஆண்டுக்கு இரண்டு இலக்கம், பிறகு வரிசை எண். எழுத்துதான் மாதம்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். எஃப்79 என்று தொடங்கினால் 1979 ஜூன். அந்தக் கால ஐபனெஸிலும் இதே முறைதான், ஏனென்றால் தொழிற்சாலை ஒன்று. மாதம் வரைக்கும் சொல்லும் அந்த எண் மாடலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எஸ்இ-500-ஐ எஸ்இ-600 என்று விற்பது அதனால்தான் சுலபமாக இருக்கிறது.

டோக்காயில் பெரும்பாலும் ஏழு இலக்கம், முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண்: 8 என்றால் 1978, 0 என்றால் 1980, 3 என்றால் 1983. ஹெட்ஸ்டாக்கில் உள்ள பெயரும் உதவும். ஸ்பிரிங்கி சவுண்ட் என்றால் 50, 60-களின் சின்ன ஹெட்ஸ்டாக் மாதிரி. சில்வர் ஸ்டார் என்றால் 70-களின் பெரிய ஹெட்ஸ்டாக் மாதிரி. கோல்ட்ஸ்டார் சவுண்ட் என்றிருந்தால் அது 1984-ஓ அதற்குப் பிறகோ. ‘1979 கோல்ட்ஸ்டார்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

ஜேவிதான் எச்சரிக்கை தேவைப்படும் இடம். ஜேவி என்ற இரண்டு எழுத்தும் ஐந்து இலக்கமும் 1982 முதல் 1984 வரையிலான காலத்தைக் குறிக்கின்றன. இந்த ஸ்ட்ராட்களில் எண் இருப்பது நெக் பிளேட்டில், அதாவது நெக்கை (கழுத்தை) உடம்போடு பிணைக்கும் நான்கு திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் ஓர் இரும்புத் தகட்டில். மூன்றிலும் விலை அதிகமானது ஜேவிதான், அதன் அடையாளமோ எளிதாக வேறு உடம்புக்கு மாற்றக்கூடியது. இதே ஃபெண்டர் ஜப்பான் 1984-க்குப் பிறகு ஈ, ஏ போன்ற எழுத்தும் ஆறு இலக்கமும் போட்டது. அந்த எண் நெக்கின் பின்பக்கம், உடம்போடு சேரும் இடத்துக்கு அருகே ‘மேட் இன் ஜப்பான்’ என்ற வரியோடு அச்சாகி இருக்கும். தகட்டில் ஜேவி எண், நெக்கில் ஈ எண் என்று இரண்டும் சேர்ந்து இருந்தால், ஜேவியின் உடம்புக்கு வேறு நெக் போட்டிருக்கிறார்கள், அல்லது பின்னாள் கிட்டாருக்கு ஜேவி தகடு போட்டிருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் முழு ஜேவியின் விலையைக் கொடுக்கக் கூடாது.

ஃபெண்டரின் துணை பிராண்டான ஸ்குவையரின் ஜேவி பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவுக்குப் போன முதல் தொகுதியில் ஹெட்ஸ்டாக்கில் பெரிதாக ஃபெண்டர் என்றும், நுனியில் சின்ன எழுத்தில் ஸ்குவையர் சீரிஸ் என்றும் இருக்கும். 1983-இலிருந்து ஸ்குவையர் என்பதே பெரிய எழுத்தானது. அந்தச் சின்ன எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு ஃபெண்டர் என்று விற்பவர்கள் உண்டு. ஹெட்ஸ்டாக்கின் உருண்டை நுனியில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பூச்சு அங்கே மட்டும் மெலிந்தோ, பளபளப்பு மாறியோ தெரியும். டோக்காய் லோகோவை எடுத்துவிட்டு ஃபெண்டர் லோகோ ஒட்டியதையும் இதே வழியில் பிடிக்கலாம்: ஹெட்ஸ்டாக்கின் முகத்தின் மஞ்சளும் நெக்கின் பின்பக்க மஞ்சளும் ஒத்துப்போகாது.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் கழற்றத்தான் வேண்டும். கம்பிகளைத் தளர்த்தி எடுங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடியுங்கள். சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். இந்தத் திருகாணிகளின் தலை ஜப்பானிய ஜேஐஎஸ் அளவு. ஃபிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காமல் வழுக்கி, நாற்பது வருடத் திருகாணியின் தலையை மழுக்கிவிடும். ஜேஐஎஸ் முனை விலை குறைவுதான், ஒன்று வாங்கிவிடுங்கள்.

நெக்கை எடுத்ததும் அதன் அடியையும் உடம்பின் குழியையும் பாருங்கள். ஃபூஜிஜென் கிட்டார்களில் முத்திரையாகவோ பென்சில் எழுத்தாகவோ தேதி இருப்பதுண்டு. டோக்காய்களில் சிலவற்றில் மாடல் எண்ணே முத்திரையாக இருக்கும். நெக்கின் தேதியும் உடம்பின் தேதியும் சில வாரங்கள் தள்ளி இருந்தால் கவலையில்லை, ஆண்டுக்கணக்கில் தள்ளி இருந்தால் இரண்டும் ஒரே கிட்டார் அல்ல. குழியின் ஓரத்தில் பூச்சின் கனமும் தெரியும். தடித்த கண்ணாடி போல நின்றால் பாலியெஸ்டர், தாள் போல மெலிந்து மரத்தோடு ஒட்டியிருந்தால் லாக்கராக இருக்க வாய்ப்பு அதிகம். மேல்வரிசை டோக்காய் என்று சொல்லி விற்பதில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அசிட்டோன் தொட்டுச் சோதிப்பதாக இருந்தால் இந்தக் குழிக்குள் ஒரு புள்ளி மட்டும், வெளியே எங்கும் வேண்டாம்.

பிறகு பிக்கார்டு. 1957 மாதிரியில் ஒற்றை அடுக்கு, 8 திருகாணி. 1962 மாதிரியில் மூன்றடுக்கு, 11 திருகாணி. 57 என்று பெயர், 11 ஓட்டை என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மூன்று திருகாணி நெக் பிளேட்டும், ஹெட்ஸ்டாக்கில் புல்லட் வடிவ டிரஸ் ராட் (நெக்கின் உள்ளே ஓடும் உலோகக் கம்பி) முனையும் இருந்தால் அது 70-களின் ஃபெண்டரைப் பார்த்துச் செய்தது. கிரெக்கோ எஸ்இயில் இந்த வகை நிறைய உண்டு, ஜேவி 57, 62-இல் கிடையாது.

பிக்கார்டின் அடியில் பாட்களை, அதாவது நாப்களுக்குக் கீழே இருந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகங்களைப் பாருங்கள். ஜப்பானிய பாட் மில்லிமீட்டர் அளவு: தண்டில் 18 பல், கழுத்து மெலிந்தது. அமெரிக்க சிடிஎஸ் பாட்டில் 24 பல், அதற்கு ஏறக்குறைய 9.5 மி.மீ. ஓட்டை வேண்டும். ஓட்டையைக் கையால் பெரிதாக்கிய தடம், ஓரத்தில் பிசிறு, இறுக்கமாகத் திணித்த நாப் இவையெல்லாம் பாட் மாற்றியதன் அடையாளம். சிடிஎஸ் பாட்டின் முதுகில் 137 என்று தொடங்கும் ஏழு இலக்கம் இருக்கும். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம்: 1378132 என்றால் 1981-இன் 32-ஆவது வாரம். மேல்வரிசை மாடல்களில் தொழிற்சாலையே அமெரிக்க பாட் போட்டதும் உண்டு. அதனால் சிடிஎஸ் இருந்தால் உடனே குறை சொல்லாமல், அதன் தேதி கிட்டாரின் தேதிக்கு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். எஸ்இயின் நல்ல மாடல்களில் மாக்ஸன் செய்த எக்ஸெல் பிக்கப் இருக்க வேண்டும். அது போயிருந்தால் விலையில் பாதி வாதம் போய்விட்டது. ஸ்ட்ராட் பிக்கப்பை மல்டிமீட்டரில் அளந்தால் பொதுவாக 5.5 முதல் 6.5 கிலோஓம் வரும். மூன்றில் ஒன்று மட்டும் வெகுவாக விலகினால் அது மாற்றியதாகவோ திரும்பச் சுற்றியதாகவோ இருக்கலாம். அளவே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

ட்ரெமலோ பிளாக்கில் (கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் அடியில் உள்ள உலோகக் கட்டி) ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் துத்தநாக வார்ப்பு. பிரிட்ஜை மாற்ற நினைப்பவர்கள் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். ஜப்பானிய பிரிட்ஜ் பலவற்றில் 54 மி.மீ. சுற்றி, அமெரிக்கப் பழைய அளவில் 56.4 மி.மீ. மாற்றிப் போட்டால் வெளிக் கம்பி நெக்கின் ஓரத்தில் வழுக்கும்.

ஃபெர்னாண்டெஸ் ரிவைவல் என்ற நான்காவது போட்டியாளரும் உண்டு. நல்ல கிட்டார்தான். பல தொழிற்சாலைகளில் செய்யப்பட்டது, சீரியல் எண்ணை நம்பித் தேதி சொல்வது கடினம். உள்ளே இருக்கும் பாகங்களை வைத்துத்தான் பேச முடியும். அதனால் கழற்றிப் பார்க்க முடியாத நிலையில் அதை வாங்க நான் சொல்ல மாட்டேன்.

படம் பார்த்தே முடிவெடுக்க வேண்டுமானால் என் வரிசை இது: தேதி உறுதியாக வேண்டும் என்பவருக்கு கிரெக்கோ, வாசிக்கத்தான் என்பவருக்கு எஸ்டி-50 அல்லது எஸ்டி-60, நெக்கின் அடிப்பக்கப் படம் கிடைத்தால் மட்டும் ஜேவி. அந்தப் படத்தை அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் ஜேவி வாங்க வேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு மரத் திருகாணியையும் முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையில் விழும்போது ‘டக்’ என்று ஒரு சின்ன இறக்கம் கையில் தெரியும். அதற்குப் பிறகு முன்பக்கம் திருப்புங்கள். நேராக அழுத்தித் திருகினால் மரத்தில் புது மரை வெட்டும், நான்கைந்து தடவையில் துளை தளர்ந்து நெக் ஆடத் தொடங்கிவிடும்.