பாட்டிலில் புழு காட்டிக் கோழி மருந்து விற்பவர் வந்தால் வாங்கிவிடாதீர்கள்

நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு கோழி விஷயத்தில் ஏமாந்தேன் என்றால் சிரிப்பீர்கள். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டைப் பண்ணைதான். சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள். அந்த ஆள் இப்போதும் சந்தைக்குச் சந்தை போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

வீட்டுக்குப் பின்னால் 16 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். அதில் 11 முட்டையிடுகிற பெட்டை. தினமும் ஆறு, ஏழு முட்டை கிடைக்கும். வீட்டுக்குப் போக மீதியை அக்கம்பக்கத்தில் கொடுப்பேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் அது மூன்றாகக் குறைந்தது. தீவனம் வழக்கம்போலத் தின்றன, ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. கையில் தூக்கினால் நெஞ்செலும்பு கத்திபோலக் குத்தியது. கொண்டை சிவப்பு போய் வெளுத்திருந்தது. ஒருநாள் காலையில் கொடாப்பைத் திறந்தபோது எச்சத்தில் வெள்ளையாக ஒரு புழு, விரல் நீளத்துக்கு, நெளிந்துகொண்டிருந்தது.

அந்த வாரச் சந்தையில்தான் அவரைப் பார்த்தேன். மொபட்டில் ஒரு பெட்டி, பெட்டி மேல் கண்ணாடி பாட்டில். பாட்டிலுக்குள் ஏதோ தண்ணீரில் ஒரு அடி நீளத்தில், பென்சில் கனத்தில் நாலைந்து புழு. "இதெல்லாம் ஒரே கோழி வவுத்துல இருந்து வந்ததுங்க அக்கா" என்றார். எனக்கு உடம்பு கூசிவிட்டது. கூட வந்த அத்தை என்னைவிட அதிகமாகப் பயந்து, "எத்தனை பொட்டலம் வேணும்னு கேட்டு வாங்கிப்போடு" என்று முதுகில் இடித்தார். வீட்டுக்காரரிடம் காட்டலாம் என்று பாட்டிலை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டேன். பின்னால் அந்தப் படம்தான் உதவியது.

பொட்டலம் 250 ரூபாய், வாரம் ஒன்று வீதம் நாலு வாரம். "முட்டை டானிக்" என்று ஒரு பாட்டில் 320. ஆக 1,320. பொட்டலத்தில் பேர் இல்லை, தேதி இல்லை, என்ன மருந்து என்று ஒரு எழுத்து இல்லை. கேட்டதற்கு, "மூலிகைங்க, பண்ணைக்காரங்க எல்லாம் இதைத்தான் குடுக்கறாங்க" என்றார். பண்ணை என்ற சொல்லைக் கேட்டதும் நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

சாம்பல் நிறப் பொடி. தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார். கோழிகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையைச் சிலுப்பின. நேரே குளியலறைத் தண்ணீர் தேங்குகிற இடத்துக்குப் போய்க் குடித்தன. இரண்டு வாரம் இப்படியே ஓடியது. மூன்றாவது வாரம் இரண்டரை மாத விடைக்கோழி இரண்டு செத்துப் போயின.

ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டரம்மா அறுத்துக் காட்டினார். சிறுகுடல் முழுக்க வேகவைத்த சேமியாவைத் திணித்து வைத்ததுபோலப் புழு. உயிரோடு இருந்த கோழிகளின் எச்சத்தையும் கொண்டுவரச் சொல்லி, உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்ததைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உருளைப்புழு முட்டை ஏராளம், நாடாப்புழு இல்லை என்றார். நாடாப்புழு இருந்தால் எச்சத்தில் அரிசி மாதிரித் துண்டு துண்டாகத் தெரியுமாம். எறும்பு, வண்டு, ஈ இவற்றைக் கொத்தித் தின்பதால் வருவது அது. அதற்கு மருந்தும் வேறு.

அப்புறம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கோழிப்புழுவே இல்லைம்மா. கோழியில வர்ற பெரிய உருளைப்புழுவே அஞ்சு சென்டிமீட்டர்ல இருந்து பன்னெண்டு சென்டிமீட்டர்தான். ஒரு அடிக்கு இருக்குன்னா இது எருமைக்கன்னு வயித்துல இருந்து வந்ததா இருக்கும்."

விரல் நீளப் புழுவை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு, ஒரு அடிப் புழுவைக் காட்டியதும் நம்பியிருக்கிறேன்.

பண்ணைக் கதையும் அப்படித்தான். கூண்டுக் கோழியின் காலே மண்ணில் படாது, எச்சம் கம்பி வழியாகக் கீழே விழுந்துவிடும், அதனால் உருளைப்புழு அபூர்வம் என்றார். ஈ மூலம் வருகிற நாடாப்புழுதான் அங்கே தொல்லை. நம் கோழிக்கு மண்தான் தட்டு. எச்சத்தோடு விழுகிற புழுமுட்டை, ஈரமும் சூடும் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் தொற்றுகிற பக்குவத்துக்கு வந்துவிடுகிறது. அதைக் கொத்துகிற கோழியின் குடலில் அது வளர்ந்து மறுபடி முட்டை போட ஆறு முதல் எட்டு வாரம். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் கிடக்கும். அதிகமாக அடிபடுவது மூன்று மாதத்துக்கு உட்பட்டவைதான். நான் பறிகொடுத்த இரண்டும் அந்த வயசு.

ஆல்பெண்டசோல் என்கிற குடற்புழு மருந்து கொடுத்தார்கள். கிலோ எடைக்கு 10 முதல் 20 மில்லிகிராம் கணக்கு. எங்களுக்குக் கிடைத்த 2.5 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருந்ததால் ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு ஒரு மில்லி. உங்கள் பாட்டிலில் அளவு வேறாக இருக்கலாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் கலக்கவே வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து அலகின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள் என்றார். 14 கோழியைப் பிடித்து முடிப்பதற்குள் இரண்டு கையிலும் கீறல். மறுநாள் எச்சத்தில் விழுந்ததை அத்தையே எட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மண்ணை விட்டால் மருந்து வீண் என்றார். அதனால் கொடாப்புக்கு அடியில் இருந்த ஈரமண்ணை நாலு விரல் ஆழம் வாரி வெளியேற்றினோம். குளியலறைத் தண்ணீருக்குக் குழாய் போட்டோம். தீவனத்தைத் தரையில் இறைப்பதை நிறுத்தித் தொட்டி வைத்தாயிற்று. கொடாப்பை வாரத்துக்கு ஒருமுறை வெயில் படும் இடத்துக்கு மாற்றுகிறேன். குஞ்சுகளைப் பெரியதுகளோடு விடுவதில்லை. இனி இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்சத்தைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அவர்கள் சொன்னால் மருந்து.

அடுத்த சந்தையில் அந்த ஆளைப் பிடித்தேன். அதே பாட்டில், அதே புழு. "என் மருந்து சரியாத்தானுங்க இருக்குது அக்கா, உங்க மண்ணுதான் சரியில்லை" என்றார். மண் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான், அதுதான் இன்னும் எரிச்சல். பணத்தைக் கேட்டதும் மொபட்டைக் கிளப்பிவிட்டார்.

பணத்தை விடுங்கள். மருந்து கொடுத்தபோது டாக்டரம்மா, "இரண்டு வாரத்துக்கு முட்டையைச் சாப்பிடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்" என்றார். அப்போதுதான் உறைத்தது. பேர் தெரியாத அந்தப் பொடியைக் கலந்து வைத்த நாட்களிலும் கோழிகள் இட்ட முட்டையை எதிர்வீட்டுக் குழந்தைக்கு நான்தான் தினமும் ஒன்று கொடுத்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இப்போது முட்டை கடையில் வாங்குகிறார்கள்.

மீதி இரண்டு பொட்டலம் பரண்மேல் கிடக்கிறது. குப்பைக்குழியில் கொட்டினால் கோழி கிளறும், வாய்க்காலில் கொட்ட மனசு வரவில்லை.