சில்லர் இல்லாத செடித்தொட்டி: ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அனுபவம்

செடித்தொட்டி, அதாவது தண்ணீருக்கடியில் உயிர்ச்செடி வளர்க்கும் மீன்தொட்டி, வைக்க ஆசைப்படுபவர்கள் எடுத்ததும் கேட்பது எந்தத் தொட்டி, எந்த விளக்கு என்றுதான். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. ஒரு வாளித் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, தொட்டி வரப்போகும் மூலையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பிற்பகல் வெயில் விழும் எங்கள் ஹாலில் அது 29, 30 டிகிரியிலேயே நின்றது. விளக்கு எரிந்தால் இன்னும் ஏறும். எந்தச் செடி, எந்த மீன், எவ்வளவு செலவு என்பதையெல்லாம் அந்த எண்தான் முடிவு செய்கிறது.

இயற்கைக் காட்சி போலவே செடியும் கல்லும் அமைக்கும் இயற்கைத் தொட்டி என்ற பாணியை உலகெங்கும் கொண்டுபோனவர் ஜப்பானியர் தாகாஷி அமானோ (1954–2015). அவருடைய தொட்டிப் படங்களில் தரையை மூடிப் படரும் பொடிச் செடிகளுக்கு 25 டிகிரியை ஒட்டிய தண்ணீர், பலமான விளக்கு, சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடு எல்லாம் இருந்தால்தான் நிம்மதி. இங்கே அந்தக் குளிர்ச்சிக்குச் சில்லர் என்ற குளிரூட்டும் கருவி வேண்டும். தண்ணீரிலிருந்து உறிஞ்சிய சூட்டை அது நம் ஹாலுக்குள்தான் கக்கும். அதைத் தணிக்க ஏர்கான் போட்டு, மின்கட்டணம் வரும்போது யாரைக் குறை சொல்வது? நான் அந்தப் பக்கமே போகவில்லை. 30 டிகிரியில் பிழைப்பவற்றை மட்டும் வைப்பது என்று முடிவெடுத்தேன். இப்போது மூன்று ஆண்டுகளை நெருங்குகிறது.

தொட்டி 60×30×36 செ.மீ., ஏறக்குறைய 65 லிட்டர். கல், மண், கண்ணாடி எல்லாம் சேர்த்து நூறு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதனால் சுவரோரம், உறுதியான கேபினெட் மேல் வைத்திருக்கிறேன்.

மீன் விஷயத்தில் தொலைவுக்குப் போக வேண்டியதே இல்லை. ஹார்லிகுவின் ரஸ்போரா இந்த மண்ணின் மீன். சிங்கப்பூர், மலாயா, சுமத்ரா காட்டோடைகளில் வாழ்வது. உடம்பின் பின்பாதியில் கறுப்பு முக்கோணம், மற்றதெல்லாம் செம்பு நிறம். இங்கே எஞ்சியிருக்கும் நன்னீர்ச் சதுப்புக் காடான நீசூனில் இன்றும் உண்டு. அங்கே போய்ப் பிடிக்கக் கூடாது, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கிளமெண்டி, சிராங்கூன் நார்த் பக்கத்து மீன் கடைகளில் பண்ணையில் வளர்த்தது தாராளமாகக் கிடைக்கிறது. பத்துப் பன்னிரண்டாவது சேர்த்து விட்டால்தான் கூட்டமாக நீந்தும். நாலைந்து வாங்கினால் மூலையில் பதுங்கிக்கொண்டே இருக்கும்.

செடிகளில் முதலிடம் கிரிப்டோகோரைனுக்கு. இலங்கையைச் சேர்ந்த வெண்டியை என்ற வகை இந்தச் சூட்டைப் பொருட்படுத்துவதில்லை. நட்ட முதல் வாரங்களில் இலைகள் கண்ணாடி போல் வெளிறிக் கரைந்து போகும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் அடியிலிருந்து புது இலை சுருளாகக் கிளம்பும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், போர்னியோவின் பூசெபலாண்ட்ரா மூன்றையும் கட்டையில் நூலால் கட்டியிருக்கிறேன். அவற்றின் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். எல்லாமே மெதுவாக வளர்பவை என்பதால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமலே ஓடுகிறது. விளக்கு டைமரில் ஆறு மணி நேரம்தான். எட்டாக்கினால் அனுபியாஸ் இலை விளிம்பில் கருந்தாடிப் பாசி பிடிக்கிறது.

ஒரு நாள் காலை, விளக்கு எரிந்த சற்று நேரத்தில், ஒரு பெண் மீன் வெண்டியை இலைக்கு அடியில் போய் வயிற்றை மேலாக்கித் தலைகீழாகத் திரும்பியது. ஆண் அதை அணைத்து வளைந்தது. இலையின் அடிப்பக்கத்தில் முட்டையை ஒட்டிவிட்டு நகர்ந்தன. காட்டிலும் இப்படி அகன்ற இலைக்கு அடியில்தான் முட்டையிடும். கொஞ்ச நேரத்தில் மற்ற மீன்களே முட்டைகளைத் தின்றுவிட்டன, அது வேறு கதை.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஊரில், வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். இங்கே குழாயில் வரும் பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீரில் கிருமி நீக்கச் சேர்ப்பது குளோரமைன், அது அப்படிப் போகாது. குளோரமைனை நீக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கும் மருந்தையே வாங்குங்கள். நல்ல வேளையாக நம் தண்ணீர் மென்மையானது, ரஸ்போராவுக்கு ஏற்றது. அதனால் செய்ரியூ என்ற அலங்காரக் கல்லைத் தவிர்த்தேன். பார்க்க அழகு, ஆனால் கரைந்து கடினத்தன்மையை ஏற்றும். எரிமலைக் கல் போதும்.

காய்ந்த கேடபாங் இலை, அதாவது நாட்டு வாதுமை இலை, இரண்டு மூன்று போட்டதும் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. "என்னப்பா, தொட்டியில தே ஓ ஊத்தி வச்சிருக்க?" என்றார் அம்மா. தே ஓ என்றால் இங்கே பால் சேர்க்காத தேநீர். ரஸ்போராவின் செம்பு நிறம் அந்தத் தண்ணீரில்தான் எடுப்பாகத் தெரிகிறது என்று காட்டிய பிறகும் அவருக்குத் திருப்தியில்லை.

நாட்பட்ட உபயோகத்தில் தெரிந்தவை: செடிமண் இரண்டு ஆண்டில் நொறுங்கிக் குழைந்துவிட்டது. மாற்றவில்லை. வேர்களுக்கு அடியில் உர வில்லை வைத்துச் சமாளிக்கிறேன். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் ரப்பர் வளையம் இறுகிப்போய்க் கசிந்தது, சில்லறைச் செலவில் மாற்றினேன். புதிதாகத் தொடங்குபவர்கள், புது மண் முதல் வாரங்களில் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை விடும் என்பதை மறக்க வேண்டாம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை மீன் வேண்டாம்.

உண்மையான தொல்லை விசிறிதான். தொட்டி விளிம்பில் மாட்டிய கிளிப் விசிறி தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டை இரண்டு மூன்று டிகிரி குறைக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் வெப்பமான நாளில் தண்ணீர் ஒரு செ.மீ. இறங்கினால் 1.8 லிட்டர் போச்சு என்று அர்த்தம். இரண்டு வாரம் ஊருக்குப் போனால் ஃபில்டர் உறிஞ்சுகுழாய் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அத்தை) சாவியைக் கொடுத்து, மீனுக்குத் தீனி போடாதீங்க, மருந்து கலந்து வைத்த தண்ணீரை மட்டும் கோட்டுவரை ஊற்றுங்க என்று சொல்லிவிட்டுப் போகிறேன். பட்டினியை அவை தாங்கிவிடும், அன்பான அண்டை வீட்டார் கொட்டும் தீனியைத் தாங்காது.

விசிறிக்காக மேலே மூடி போட முடியாது, ரஸ்போராவோ துள்ளும். ஜன்னல் கொசுவலையை அளவாக வெட்டி மெல்லிய பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டி மேலே வைத்திருக்கிறேன். காற்று போகிறது, மீன் தாண்டுவதில்லை. ஃபில்டர் குழாய் நுழையும் மூலையில் மட்டும் இடைவெளி விழாமல் பார்த்து வெட்டுங்கள்.