ஒரு ஓடிபிக்காக அஞ்சு நாள் – தருமபுரி ஊர்ப் பயண அனுபவம்

மூணு வருஷம் கழிச்சி போன மே மாசம் ஊருக்குப் போயிருந்தேன். தருமபுரி மாவட்டம், காரிமங்கலத்துல இருந்து உள்ள போவணும், ஊரு பேரு வேணாம், சொன்னா ரேஷன் கடைக்காரரு யாருன்னு தெரிஞ்சிடும், நான் ஜெர்மனிக்கு வந்துட்டேன், அம்மா தான் அடுத்த மாசம் அரிசி வாங்கப் போவணும். மொத்தம் 24 நாள் இருந்தேன். கெளம்பறதுக்கு முன்னாடி கூட வேலை செய்யற டெல்லிப் பையன் ஒருத்தன் "ஊர்ல இப்ப பர்ஸே தேவையில்ல, எல்லாம் போன்ல தான், நம்ம ஜெர்மனி தான் பின்னாடி இருக்கு"ன்னு ஒரே பெருமையா சொன்னான். எங்க தெரு பேக்கரில இன்னும் சில்லறை எண்ணிக் குடுக்கற ஆளு நான், நம்பிட்டேன்.

பெங்களூர்ல எறங்கி பஸ் புடிச்சி கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு. வெயில்னா வெயில், இளநி ஒண்ணு வெட்டச் சொல்லிட்டு 500 ரூபா நோட்ட நீட்டறேன், கடைக்காரரு என்னிய மேலயும் கீழயும் பாத்துட்டு "சில்லறை இல்லண்ணா, ஜிபே பண்ணு"ன்றாரு. யுபிஐ 2016ல வந்தது, வெளிநாட்டு நம்பர் வெச்சி பண்றதுக்கு 2023ல ஒரு 10 நாட்டுக்கு விட்டாங்க, சிங்கப்பூர், துபாய், அமெரிக்கான்னு எல்லாம் இருந்துச்சி, ஜெர்மனி அந்த லிஸ்ட்ல இல்ல. இத அவருகிட்ட வெளக்கினேன் பாருங்க, இளநிக்காரருகிட்ட என்ஆர்ஐ அக்கவுண்டப் பத்தி. பக்கத்துல காலேஜ் பையன் ஒருத்தன் "விடுங்கண்ணா"ன்னு டக்குனு ஸ்கேன் பண்ணிட்டான். 500 நோட்ட அவன்கிட்ட நீட்டினா அவன்கிட்டயும் சில்லறை இல்ல, "பரவால்லண்ணா"ன்னு சொல்லிட்டு சேலம் பஸ்ல ஏறிட்டான். ஊர்ல கால் வெச்ச அர மணி நேரத்துல யாருன்னே தெரியாத புள்ளைக்கு 50 ரூபா கடன்காரன் ஆயிட்டேன்.

சரி, வெளியூர்க்காரனுக்கு எதுவும் செட் ஆவல, அது பெரிய விஷயம் இல்ல. ஊர்லயே இருக்கறவங்களுக்கு எப்படி இருக்குன்றது தான் மேட்டர். நான் இந்த 24 நாளும் ஒரே ஒரு கணக்கு தான் பாத்தேன். போனு, மிஷினுன்னு இந்த டெக்னாலஜி எல்லாம் வந்ததுக்கு அப்பறம் எங்கம்மா ஒரு வேலைக்கு எத்தன பேருகிட்ட போயி நிக்கணும், முன்ன விட கம்மியா, ஜாஸ்தியா. அம்மாவுக்கு 68 வயசு, ரெண்டாங்கிளாஸ், கையெழுத்து போடுவாங்க, பஸ்ல ஊரு பேரு படிப்பாங்க, அவ்ளோ தான்.

மொதல்ல பேங்க். அம்மா அக்கவுண்ட்ல இருக்கற போன் நம்பரு அப்பாவுது. அப்பா போயி நாலு வருஷம் ஆச்சு, அந்த சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் பண்ணல, மாசக்கணக்குல அப்படியே கெடந்தா அந்த நம்பர கம்பெனி வேற ஆளுக்கு குடுத்துடும், குடுத்துட்டாங்க. ஒரு வாட்டி கூப்பிட்டுப் பாத்தேன், யாரோ ஒருத்தர் ஹிந்தில எடுத்தாரு. அப்பா நம்பர்ல ஹிந்தில ஹலோன்னு கேட்டதும் எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆயிடுச்சி, வெச்சிட்டேன். ஆக அம்மா அக்கவுண்ட்ல 1000 ரூபா ஏறினாலும் மெசேஜ், ஓடிபி எல்லாம் அந்த ஹிந்திக்காரருக்குத் தான் போவுது. மகளிர் உரிமைத் தொகைய தான் சொல்றேன், அதுக்கு மனு வாங்கற முகாம 2023 ஜூலைல நம்ம தொப்பூர்ல தான் முதலமைச்சர் தொடங்கி வெச்சாரு, அம்மா அத நேர்ல பாத்த மாதிரி சொல்லுவாங்க, ஆனா போவல.

பேங்க்ல (பேரு வேணாம்) போயி நம்பர மாத்தணும்னு கேட்டா ஆதார்ல மொதல்ல மாத்திட்டு வாங்கன்னாங்க. ஆதார் சென்டர்ல டோக்கன் காலைல எட்டு மணிக்கே முடிஞ்சி போச்சி. அடுத்த நாள் ஏழு மணிக்கே போனோம், டோக்கன் கெடச்சிது, அம்மா கைரேகை விழல. பத்து வெரலையும் வெச்சி பாத்தாச்சு. நாப்பது வருஷம் கொல்லையில களை வெட்டி, புளி கொட்டை எடுத்து, சாம்பல் போட்டு பாத்திரம் தேச்ச கை, அதுல ரேகை எங்க இருக்கும், கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. அந்தப் பொண்ணு "சாயந்தரம் வாங்கம்மா, சில சமயம் விழும்"னு சொல்லுது. சாயந்தரம் மட்டும் ரேகை எங்க இருந்து வரும்னு தெரியல. சாயந்தரம் போனா சர்வர் இல்ல.

ரேஷன் கடைலயும் இதே கதை தான். முன்ன கார்டு குடுத்தா கையெழுத்து போட்டு சக்கரை வாங்கிட்டு வந்துடுவாங்க. 2017ல ஸ்மார்ட் கார்டு வந்துச்சி, அது நல்லா தான் இருந்துச்சி, 2020ல கைரேகை வந்துச்சி, அதுல இருந்து மாசா மாசம் அம்மாவுக்கு இது ஒரு பரீட்சை. கண்ண வெச்சி பாக்கற மிஷினும் இப்ப வந்திருக்கு, ஆனா அந்த மிஷின எடுத்து வெக்கறதுக்கு கடைக்காரருக்கு மனசு வரணும். திருட்டு கம்மியாவும், இன்னொருத்தன் பொருள எவனும் தூக்க முடியாதுன்னு சொல்றாங்க, அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா கார்டுல இருக்கறது நான் தான்னு காட்டறதுக்கு அம்மா வெரல ஈரத்துணில தொடைச்சித் தொடைச்சி வெக்கறத பின்னாடி நின்னு பாத்தப்ப, திருடன புடிக்கறதுக்கு வெச்ச வேலைய திருடாத ஆளு தான் செய்யுதுன்னு தோணுச்சி.

அஞ்சாவது நாள் இந்த ஆதார் நம்பர் வேலைய முடிச்சி வெச்சது யாருன்றீங்க, போஸ்ட்மேன். லெட்டர் குடுக்க வந்தவரு திண்ணைல தண்ணி கேட்டாரு, பேச்சு வாக்குல சொன்னோம், "ஏம்மா இதுக்கா அலையறீங்க, ஆதார்ல போன் நம்பர நானே மாத்துவேனே"ன்னு பையில இருந்து ஒரு செல்லு, ஒரு கைரேகை டப்பா எடுத்தாரு. போஸ்ட் ஆபீஸ் பேங்க் மூலமா வீட்டுக்கே வந்து பண்ற வசதி 2021ல இருந்தே இருக்கு, எங்க யாருக்கும் தெரியல. அம்மா வெரல்ல துளி தேங்காண்ணெய் தடவி நல்லா தொடைக்கச் சொன்னாரு, மூணாவது வாட்டி விழுந்துடுச்சி. அப்ப அதுக்கு 50 ரூபா தான். அந்த டப்பாவும் ஆதார் சென்டர்ல இருந்த டப்பாவும் பாக்க ஒரே மாதிரி தான் இருந்துச்சி, இவரு அம்மாவ "நிதானமா வெய்ம்மா, அவசரம் ஒண்ணுமில்ல"ன்னு சொன்னாரு, அது ஒண்ணு தான் வித்தியாசம்.

மக்களைத் தேடி மருத்துவமும் எனக்கு அப்படித் தான் பட்டுது. 2021 ஆகஸ்ட்ல பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துல சாமனப்பள்ளின்ற ஊர்ல ஆரம்பிச்ச திட்டம். ஒரு அக்கா பையில சின்ன பிரஷர் மிஷின் வெச்சிக்கிட்டு வீட்டுக்கே வந்து பாத்து, மாத்திரைய எண்ணி குடுத்துட்டு, "உப்ப கம்மி பண்ணு பெரிம்மா, ஊறுகா வாசன வருது"ன்னு திட்டிட்டுப் போவுது. போன வாட்டி நான் ஜெர்மனில இருந்து கொண்டாந்து குடுத்த பிரஷர் மிஷின் பீரோ மேல டப்பா பிரிக்காம கெடக்கு. நான் கேட்டதுக்கு, அது நம்பர் தான் காட்டும், அதுக்கு என்னா பண்ணணும்னு சொல்லாதேன்னாங்க.

தண்ணிக்கு வருவோம், எங்க மாவட்டத்துக்காரனுக்கு இத விட்டா பேச்சே இல்ல. எங்க போர் தண்ணில ஃப்ளோரைடு. குடிக்கற தண்ணில ஒரு லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராம தாண்டக்கூடாது, எங்க பக்கம் நெறைய கெணறு, போரு அத தாண்டி தான். கொதிக்க வெச்சாலும் போவாது, தண்ணி சுண்டி இன்னும் ஏறத் தான் செய்யும். சின்ன வயசுல பல்லு வளர்றப்ப குடிச்ச தண்ணி பல்லுலயே எழுதி வெச்சிடும், மஞ்சளும் காபிக் கலருமா கோடு கோடா. ஜெர்மனில பல் டாக்டரு என் வாயத் தொறந்து பாத்துட்டு எந்த ஊருப்பா தண்ணி குடிச்சி வளந்தன்னு கேட்டாரு, நான் சிகரெட்டுன்னு சந்தேகப்படுவாருன்னு நெனச்சேன். எலும்புல எறங்கினா இன்னும் மோசம், முதுகு வளைஞ்சி மூட்டு இறுகிப் போன கெழவங்கள நான் எங்க தெருவுலயே பாத்து வளந்தேன்.

இதுக்கு எங்க வீட்ல ரெண்டு டெக்னாலஜி இருக்கு. ஒண்ணு நான் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி மாட்டுன ஆர்ஓ மிஷின். ஃப்ளோரைட நல்லாவே எடுக்கும், அதுல குத்தம் சொல்ல முடியாது, ஆனா ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் வெளிய தள்ளும், தண்ணிக்கு அல்லாடுற ஊர்ல அத பாக்கறப்பவே அம்மாவுக்கு வயித்தெரிச்சல், கீழ ஒரு அண்டாவ வெச்சி புடிச்சி பாத்திரம் கழுவறாங்க. உள்ள இருக்கற மெம்பரேன் வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். மாத்தறதுக்கு ஆப்ல கம்ப்ளைண்ட் போட்டேன். மறுநாள் யாரும் வரல, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் மட்டும் வந்துச்சி. திரும்பப் போட்டேன், திரும்பத் தீத்துட்டாங்க. நாலு வாட்டி தீத்து வெச்சாங்க, ஒரு ஆளு வீட்டுப் படி ஏறல.

இன்னொண்ணு தெருக் கொழா. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம், ஜப்பான் கடன் வாங்கி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல செலவு பண்ணி 2013ல தொறந்தது. காவேரில எடுத்து சுத்தம் பண்ணி ரெண்டு மாவட்டத்துக்கும் ஊர் ஊரா டேங்குல ஏத்தி விடறாங்க. ஆத்துத் தண்ணின்னு தான் எங்கூர்ல சொல்லுவோம். எல்லா நாளும் வராது, பைப் ஒடஞ்சா அஞ்சாறு நாள் கூட ஆவும், அப்ப டேங்க் ஆப்ரேட்டருக்கு போன் போட்டுத் தான் கேக்கணும். இருந்தாலும் வந்தா கொடத்துல புடிச்சி அப்படியே குடிக்கலாம், பட்டன் இல்ல, ஃபில்டர் இல்ல, பாஸ்வேர்டு இல்ல. என் தங்கச்சி பொண்ணு 2014ல பொறந்தது. அது சிரிச்சா பல்லு வெள்ள வெளேர்னு இருக்கு. அதையும் எங்க பல்லையும் ஒரே போட்டோல பாத்தா, நடுவுல எந்த வருஷம் என்னா நடந்துச்சின்னு யாருக்கும் சொல்லத் தேவையில்ல.

வீட்டுச் சாமான்ல ஓட்டு போடச் சொன்னா அம்மா கிரைண்டருக்குத் தான் போடுவாங்க. 2011ல கவர்ன்மெண்ட் மிக்ஸி, ஃபேன் கூட சேத்து குடுக்க ஆரம்பிச்சாங்கள்ல, அதுல வந்தது. மிக்ஸி எப்பவோ பழைய இரும்புக்காரன்கிட்ட போயிடுச்சி, கிரைண்டர் மட்டும் பெல்ட் மாத்தி மாத்தி இன்னும் ஓடுது. ஆட்டுக்கல்ல ஒரு மணி நேரம் குந்தி ஆட்டுனவங்களுக்குத் தான் அதோட அருமை தெரியும், நமக்கு என்னா, இட்லி சுடச்சுட வந்தா போதும். ஸ்மார்ட் டிவி கத வேற. மச்சான் வாங்கிக் குடுத்தது, ரெண்டு ரிமோட்டு, எட்டு மணி சீரியல் வர்றதுக்குள்ள அது அப்டேட் கேக்குது, பக்கத்து வீட்டு பத்தாவது படிக்கற பையன கூப்புட ஓடறாங்க. ரீசார்ஜ், கரண்ட் பில்லு, கேஸ் புக்கிங்னு எல்லாத்துக்கும் அந்தப் பையன் தான். நல்ல புள்ள தான், ஆனா அவன் பரீட்ச நேரத்துல எங்கம்மா கேஸ் புக் பண்ணாம ரெண்டு நாள் வெறகு அடுப்புல களி கிண்டியிருக்காங்க, அவன தொந்தரவு பண்ணக் கூடாதாம்.

தருமபுரி டவுன்ல பூ வாங்கப் போனப்ப நடந்தத சொல்லாம விட முடியாது. கனகாம்பரம் விக்கற ஒரு பாட்டி, கூடைல க்யூஆர் அட்டை சாத்தி வெச்சிருக்கு, ஸ்கேன் பண்ணா "இருபது ரூபாய் பெறப்பட்டது"ன்னு டப்பா கத்துது. நான் சும்மா இல்லாம "பரவால்லியே பாட்டி, ஹைடெக்கா மாறிட்டியே"ன்னேன். அதுக்கு பாட்டி பூவக் கட்டிக்கினே, "காசு எனக்கு எங்க சாமி வருது, அந்த அட்ட மவன் பேர்ல இருக்குது. முன்னலாம் சுருக்குப் பையில போடுவேன், டீ குடிப்பேன், பேத்திக்கு ஒரு முறுக்கு வாங்குவேன். இப்ப டப்பா தான் கத்துது, டீக்கு அவன கேக்கணும்"னுச்சி. என்கிட்ட சில்லறையா இருந்த 40 ரூபாய்க்கு ரெண்டு மொழம் வாங்கினேன். நோட்ட வாங்கி கண்ணுல ஒத்திக்கிட்டு சுருக்குப் பையில போட்டுக்குச்சி. அது சாமிக்கு ஒத்திக்கினதா, டீ நெனப்பான்னு தெரியல.

வீடியோ கால எனக்குக் குத்தம் சொல்ல மனசு வரல. காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப வாரத்துக்கு ஒருக்கா எஸ்டிடி பூத்ல மீட்டர பாத்துக்கினே பேசுன ஆளு நான், இப்ப தெனம் பேசறேன். பேசறேன்னா, அம்மா இன்னும் செல்ல காதுல வெச்சித் தான் பேசுவாங்க, வீடியோவா இருந்தாலும். பாதி நேரம் நான் பாக்கறது அவங்க காதும் தோடும் தான்.

கெளம்பற அன்னிக்கி சுவிட்ச் போர்டு பக்கத்துல செவுத்துல மார்க்கர்ல பெருசு பெருசா நம்பர் எழுதி வெச்சேன். போஸ்ட்மேன், பிரஷர் பாக்கற அக்கா, ஆட்டோக்காரரு, பக்கத்து வீட்டுப் பையன். மொத வரில என் நம்பர போட்டிருந்தேன், நாட்டு கோடோட. அம்மா கண்ணாடிய போட்டுட்டு வெரல வெச்சி ஒவ்வொண்ணா யாருது யாருதுன்னு கேட்டாங்க. கேட்டுட்டு, "டேங்க் ஆப்ரேட்டரு நம்பர் எங்கடா? அத மேல எழுது. உன்னுத அழிச்சிட்டு கீழ எங்கியாவது எழுதிக்கோ"ன்னாங்க.