எந்த வருசத்திலிருந்து எண்ணுவது? கார்பன் பொறுப்புக்கு நான்கு கணக்குகள்

ஐரோப்பாவில் இருக்கும் ஒரு பையரிடமிருந்து போன மார்ச்சில் எங்கள் யூனிட்டுக்கு ஒரு படிவம் வந்தது. அவிநாசிக்குப் பக்கத்தில் நாற்பது மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறோம். ஈ.பி. எத்தனை யூனிட், ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை லிட்டர், அயர்ன் டேபிளுக்கு நீராவி தரும் பாய்லருக்கு விறகு எத்தனை டன் என்று வரிசையாகக் கேட்டு, ஒரு டி-ஷர்ட் தைப்பதில் எவ்வளவு கார்பன் (கார்பன் டை ஆக்சைடு புகை) வெளியேறுகிறது என்று முடிக்கும் படிவம். கேட்டதில் தப்பில்லை. ஆனால் மேலே 'அடிப்படை ஆண்டு 2022' என்று அச்சாகியே வந்திருந்தது. அந்த வருசத்து அளவிலிருந்து ஒவ்வொரு வருசமும் குறைத்துக் காட்ட வேண்டும்.

நாங்கள் 2019இலேயே எல்லா மெஷினிலும் கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் மாட்டிவிட்டோம். டெய்லர் துணியைத் திருப்பி வைக்கிற நேரத்திலும் கிளட்ச் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ, பெடலை மிதித்தால்தான் ஓடும். கரண்ட் பில்லைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. அந்த மிச்சம் முழுக்க 2022க்கு முந்தியது என்பதால் படிவத்தில் அதற்கு இடமே இல்லை. இன்னும் கிளட்ச் மோட்டாரில் ஓட்டுகிற ஒருவர் இந்த வருசம் மாற்றினால் நல்ல பெயர் அவருக்குத்தான்.

நாடுகளுக்கு நடுவில் முப்பது வருசத்துக்கு மேலாக நடக்கிற வழக்கும் இதேதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. புவி சூடாவதற்கு எந்த நாடு எவ்வளவு பொறுப்பு என்று கேட்டால், நான்கு விதமாகக் கணக்குப் போடலாம். நான்கையும் போட்டுப் பார்த்து ஒன்றின் பக்கம் சாய்ந்துவிட்டேன். அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கணக்கு, இந்த வருசம் யார் எவ்வளவு புகை விட்டார் என்பது. செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் இதுதான். சீனா சுமார் 30 சதவீதம், அமெரிக்கா 13, இந்தியா 8 பக்கம். மூன்றாம் இடத்தில் நாம் இருக்கிறோம். 140 கோடிப் பேர் இருக்கிற நாட்டையும் சில லட்சம் பேர் இருக்கிற நாட்டையும் ஒரே தராசில் நிறுத்துவதில் அர்த்தமில்லை என்பதால் இதில் அதிக நேரம் செலவிடப் போவதில்லை.

இரண்டாவது, தலைக்கு எவ்வளவு. அமெரிக்கர் ஒருவர் வருசத்துக்கு ஏறக்குறைய 14 டன், சீனர் 8, நம் ஆள் 2. முதல் கணக்கைவிட இது எவ்வளவோ நியாயம். ஆனால் அந்த 2 டன் ஒரு சராசரி. கோயம்புத்தூரில் அறைக்கு அறை ஏ.சி. போட்ட வீட்டையும் சத்தியமங்கலம் மலையில் ஒரு பல்பு எரியும் வீட்டையும் கலந்து வந்த எண் அது. நமக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக அதைக் கேடயமாகப் பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை.

திருப்பூர்க்காரனாக எனக்கு முதலில் பிடித்தது மூன்றாவது கணக்கு. பொருளை யார் செய்தார் என்பதை விட்டுவிட்டு, யார் வாங்கி உடுத்தினார் என்று பார்ப்பது. நூல் மில், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், தையல் என்று அத்தனை கரண்டும் விறகும் இங்கே எரிகிறது, சட்டை அங்கே போகிறது. பிரிட்டன் 1990ஐ ஒப்பிட்டால் தன் எல்லைக்குள் வெளியேற்றத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் மூடியது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டில் செய்து அங்கே இறங்குகிற பொருள்களின் கார்பனையும் சேர்த்தால் அந்தக் குறைவு அவ்வளவு பெரிதாக இல்லை.

நான் இந்தக் கணக்கோடு நின்றிருப்பேன். இந்தியாவுக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. ஏற்றுமதியோடு போன கார்பனைக் கழித்தாலும் நம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் குறைகிறது. நாம் எரிக்கிற நிலக்கரியில் பெரும்பகுதி நம் வீட்டு விளக்குக்கும் நம் சிமெண்டுக்கும் நம் இரும்புக்கும்தான். திருப்பூர் ஏற்றுமதியில் வாழ்கிற ஊர். அதை வைத்து நாட்டையும் அப்படியே நினைத்துவிட்டேன். அப்புறம், இதைச் சரிபார்ப்பதும் லேசில்லை. ஒரே பாய்லரில் காலையில் லோக்கல் ஆர்டர், மதியம் எக்ஸ்போர்ட் ஆர்டர். விறகை எப்படிப் பிரிப்பது? பீஸ் எண்ணிக்கையை வைத்துத் தோராயமாகப் பங்கு போட்டுத்தான் நானே எழுதினேன்.

நான் சாய்வது நான்காவது கணக்கின் பக்கம். தொடக்கத்திலிருந்து இன்றுவரை விட்ட மொத்தம். முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்: விட்ட கார்பன் போவதில்லை.

இது எனக்குப் புரிந்தது எங்கள் தோட்டத்துக் கிணற்றில். அப்பாவின் பூமி நொய்யல் ஓரம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் வந்த அணை, சில வருசத்திலேயே சாயக்கழிவு தேங்குகிற குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு, இல்லாத சாயப்பட்டறைகளை மூடவைத்தது. திருப்பூரே ஸ்தம்பித்த மாதங்கள் அவை. அந்தச் சமயத்தில் ஒருநாள் மோட்டார் போட்டு, வாய்க்காலில் வந்த தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "பட்டறைய மூடிப்போட்டாங்க, சரி. கெணத்துல நிக்கற உப்பு எங்க போகும்? இன்னிக்கு ஊத்துலீங்கறதுக்காவ நேத்து ஊத்துனது போயிருமா?"

காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடும் அந்த உப்பு மாதிரிதான். ஒரு பகுதியைக் கடலும் காடும் இழுத்துக்கொள்ளும். ஐந்தில் ஒரு பங்கு போல ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே நிற்கும். தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 ஆக இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. சூடு கூடுவது இந்த வருசத்துப் புகையால் மட்டும் அல்ல. சேர்ந்து நிற்கிற மொத்தத்துக்கு ஏற்பத்தான் சூடு ஏறுகிறது. 1920இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எரிந்த நிலக்கரியும் நேற்று மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியும் இன்றைக்குச் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

அந்த மொத்தத்தில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு வகையில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறையக் கால்வாசி. இந்தியாவின் பங்கு 4 சதவீதத்துக்கும் கீழே.

தாத்தா செய்ததற்குப் பேரன் எப்படிப் பொறுப்பாவான் என்று கேட்பார்கள். நம் பக்கம் பூமி வாங்கினால் என்ன செய்கிறோம்? முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பேர் மாறினதால் பூமியின் மேல் இருக்கிற அடமானம் போய்விடாது, பூமியோடுதான் வரும். அந்த நிலக்கரியில் போட்ட ரயில் பாதை, கட்டின நகரம், சேர்த்த மூலதனம் எல்லாம் பேரன் கையில் இருக்கும்போது கடன் மட்டும் தாத்தாவோடு போய்விட்டது என்பது செல்லாது.

தெரியாமல் செய்தார்கள் என்ற வாதத்தில் கொஞ்சம் வலு இருக்கிறது. ஐ.நா.வின் விஞ்ஞானிகள் குழு முதல் அறிக்கை கொடுத்தது 1990இல். அதற்குப் பிறகு யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. சரி, அங்கிருந்தே எண்ணலாம் என்றாலும், இதுவரை விட்ட மொத்தத்தில் பாதிக்கு மேல் 1990க்குப் பிறகு விட்டதுதான். ஆனால் அப்படி எண்ணினால் முதலிடம் சீனாவுக்குப் போய்விடுகிறது. ஆரம்ப வருசத்தை நகர்த்தினால் குற்றவாளி மாறுகிறார். அதனால்தான் உலக மாநாடுகளில் இந்த ஒரு எண்ணுக்கு இவ்வளவு சண்டை.

1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு' என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 1997இல், பணக்கார நாடுகள் வெளியேற்றத்தைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தப் பேச்சுவார்த்தையின்போது பிரேசில், பழைய வெளியேற்றத்தையும் எண்ணித்தான் பங்கு பிரிக்க வேண்டும் என்றது. அது ஏற்கப்படவில்லை, அடிப்படை ஆண்டு 1990 என்று நின்றது. அதற்கு முந்தையது தள்ளுபடி. என் படிவத்தில் 2022 என்று அச்சடித்த மாதிரிதான். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தோடு வந்த தீர்மானத்தில், புவி சூடாவதால் வரும் இழப்பு-சேதம் பற்றிய பகுதி நஷ்டஈடு கேட்க ஆதாரமாகாது என்றே எழுதி வைத்தார்கள். 2022இல் ஷார்ம் எல் ஷேக்கில் இழப்பு நிதி ஒன்றுக்குச் சம்மதித்தார்கள், அதுவும் உதவி என்ற பெயரில்தான். 2025 ஜூலையில் ஹேக் சர்வதேச நீதிமன்றம், கடமை தவறிய நாடு இழப்பீடு தர நேரலாம் என்று கருத்துச் சொல்லியிருக்கிறது. கட்டாயப்படுத்தும் தீர்ப்பு இல்லைதான். ஆனாலும் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்கு அலைந்ததைப் பார்த்தவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு அதன் கார்பனைப் பார்த்துப் போடுகிற ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியிலிருந்து முழுதாக அமலாகிறது. இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு இந்த வரி. துணி அந்தப் பட்டியலில் இல்லை. இன்றைக்கு ஒரு டன் இரும்பு செய்யும்போது எவ்வளவு கார்பன் வந்தது என்பதை மட்டும்தான் அது கேட்கும். நூறு வருசமாக யார் எரித்தார் என்ற கேள்வியே அதில் கிடையாது.

நான்காவது கணக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மாட்டிலிருந்தும் நெல் வயலிலிருந்தும் வரும் மீத்தேன் பத்துப் பன்னிரண்டு வருசத்தில் சிதைந்துவிடும், அதைக் கார்பன் மாதிரி சேர்த்துக்கொண்டே போவது சரியில்லை. காடு அழித்ததையும் எண்ணினால் பிரேசில், இந்தோனேசியாவின் பங்கு மேலே ஏறும். நான் கையால் தொட்டு எண்ணியது கரண்டும் விறகும்தான், என் சாய்வையும் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பாக்கி அவர்களுடையது என்பதால் நாம் புதிதாக ஊற்றலாம் என்று ஆகாது. சாயப்பட்டறைகளிலும் அன்றைக்கு இதே பேச்சுத்தான் இருந்தது. முன்னால் வந்தவர்கள் விட்டார்கள், எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்றார்கள். இந்தியா 2070க்குள் நிகர பூஜ்யம், அதாவது விடுகிற அளவுக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிற நிலை, என்று சொல்லியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்க்கும்போது அதற்கு முன்னாலேயே முடியும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அதற்கான பணத்தில் எவ்வளவு யார் தருவது என்ற கேள்விக்கு நான்காவது கணக்கைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

படிவத்துக்கு நான் செய்தது இதுதான். 2018இலிருந்து உள்ள ஈ.பி. பில்லையும் சர்வோ மோட்டார் வாங்கிய இன்வாய்ஸையும் ஸ்கேன் செய்து, அடிப்படை ஆண்டை 2018 ஆக வையுங்கள் என்று எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம், மதிப்பெண்ணில் சேராது என்றார்கள். மாற்றிய வருசம், மோட்டார் எண்ணிக்கை, மிச்சமான யூனிட் மூன்றையும் அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டேன். அடுத்த மார்ச்சிலும் எழுதுவேன்.