லயத்துச் செபமா, நகரத்து ஆலயமா?

ஞாயிறு காலை லயத்திலேயே (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலேயே) கூடிச் செபிப்பதா, பஸ் ஏறி ஹட்டன் திருச்சிலுவை ஆலயத்துக்குப் போவதா என்று இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கர் சிலர் தடுமாறுகிறார்கள்.

செலவு: லயத்தில் ஒரு மெழுகுவர்த்தி, ஆலயத்துக்குக் குடும்பத்தோடு பஸ் கட்டணம்.

வசதி: அடைமழையில் லயம்தான்.

இறைவன் உறையும் இடம்: இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடுமிடத்தில் தாம் இருப்பதாக இயேசு சொன்னது (மத்தேயு 18:20) பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவுக்கும் (அறைக்கும்) பொருந்தும். ஆனால் நற்கருணையை, அதாவது இயேசுவின் திருவுடலான அப்பத்தை, வைத்திருக்கும் பேழையும் அதனருகே அணையாமல் எரியும் விளக்கும் ஆலயத்தில்தான். அந்த அப்பம் அர்ப்பணிக்கப்படும் திருப்பலி வழிபாட்டுக்குக் குருவும் வேண்டும். விசுவாசிகளே கோயில் என்ற பவுலின் வார்த்தையைக் காட்டி (1 கொரிந்தியர் 3:16) ஆலயத்தையே கைவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நடமாட முடியாத முதியோருக்கு லயம் போதும். நற்கருணை வாங்க விரும்புகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.