கலர் லேசர் பிரிண்டரை சர்வீஸுக்குக் குடுக்குறவங்க கவனிங்க, எனக்கு நடந்தது இது

எங்க கலர் லேசர்ல திடீர்னு ரோஸ் கலர் புள்ளி விழ ஆரம்பிச்சுது, பக்கத்தோட ஒரே ஓரத்துல மேலேருந்து கீழ வரிசையா, ஸ்கேல் வச்சுப் பாத்தா ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஏழரை சென்டிமீட்டர். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். வந்தவரு கவரைத் திறந்தாரு, டார்ச் அடிச்சாரு, "ஃபியூசர் காலி சார், பெல்ட்டும் போச்சு, ரெண்டையும் மாத்தணும்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டாரு (ஃபியூசர்னா டோனர் பவுடரைச் சூட்டுல உருக்கி பேப்பர்ல ஒட்டுற பாகம், பெல்ட்னா நாலு கலரையும் பேப்பருக்குச் சேர்க்குற பட்டை). ஒரு டெஸ்ட் பேஜ் கூட எடுக்கல. மெஷினைக் கடைக்குத் தூக்கிட்டுப் போயி திரும்பக் கொண்டு வந்து வச்சாரு, புள்ளி இல்ல, பிரிண்ட் பளிச்னு வந்துச்சு, ஆனா பில்லு புது மெஷின் விலையில பாதியைத் தாண்டிருச்சு.

கொஞ்ச நாள்லயே வெள்ளையா இருக்க வேண்டிய இடமெல்லாம் லேசா ரோஸ் படிய ஆரம்பிச்சுது, ஃபோட்டோ பிரிண்ட் போட்டா எல்லாரும் காய்ச்சல்ல கிடக்குற மாதிரி இருக்காங்க. அப்ப பாத்து ஒரு பேப்பர் வேற சிக்கிச்சு, பின்கதவைத் திறந்தேன். ஃபியூசர் மேல சூடு, தொடாதேன்னு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்கல்ல, அதுல ஒரு மூலை முன்னாடியே ஒரு தடவை சிக்குன பேப்பரை இழுக்கும்போது கிழிஞ்சிருந்துச்சு. "புது" ஃபியூசர்லயும் அதே மூலை, அதே கிழிசல்! சந்தேகத்துல மெனுவுல போயி கார்ட்ரிட்ஜ் விவரம் காட்டுற சப்ளைஸ் ஸ்டேட்டஸ் பேஜ் எடுத்து ஃபைல்ல கிடந்த பழைய ஷீட்டோட வச்சுப் பாத்தா மஞ்சள், சயான் (நீலம்), கறுப்பு மூணு கார்ட்ரிட்ஜும் அதே சீரியல் நம்பர், மெஜந்தா, அதான் அந்த ரோஸ் கலர், அது மட்டும் வேற, அது ஒரிஜினல் இல்லன்னு மெஷினே சொல்லுது. ஆக, ஒரு ரீஃபில் கார்ட்ரிட்ஜை உள்ள தள்ளிட்டு ஃபியூசருக்கும் பெல்ட்டுக்கும் காசு வாங்கியிருக்காரு, பாதி டோனர் மிச்சமிருந்த என் ஒரிஜினல் கார்ட்ரிட்ஜும் போச்சு.

கேட்டா "ஸ்டிக்கர் கம்பெனிலேருந்தே அப்படித்தான் சார் வரும்"னாரு. பழைய பார்ட்டைக் காட்டுங்கன்னா ஸ்கிராப்ல போட்டாச்சாம். பெல்ட் காசை மட்டும் தர்றேன்னு இப்ப இறங்கி வந்திருக்காரு, ஃபியூசர்னு எடுத்தாலே லைன் கட் ஆகுது.

இதுல கடுப்பு என்னன்னா, அந்த ஏழரை சென்டிமீட்டரே பதிலைச் சொல்லிருச்சு. சின்ன மெஷின் நிறையத்துல டிரம், அதாவது டோனர் ஒட்டிப் படம் உருவாகுற உருளை, கார்ட்ரிட்ஜுக்குள்ளயே இருக்கும், அதோட விட்டம் 24 மில்லிமீட்டர், ஒரு சுத்துக்கு 75 மில்லிமீட்டர், அதுல ஒரு கீறல் இருந்தா சுத்துக்கு ஒரு புள்ளி விழும். அதுவும் ஒரே கலர்ல விழுதுன்னா அந்தக் கலரோட டிரம் இல்லன்னா டிரம்முக்கு டோனரைக் குடுக்குற டெவலப்பர் ரோலரைத்தான் முதல்ல பாக்கணும். ஃபியூசர் கடைசில நாலு டோனரையும் மொத்தமா உருக்கி பேப்பர்ல ஒட்டுற வேலையைத்தான் பாக்குது, பெல்ட்டும் நாலுக்கும் பொது, இதுங்களுக்கு மெஜந்தா மேல மட்டும் என்ன கோவம்? எல்லா கலர்லயும் ஒரே இடத்துல தப்பு வந்தா, இல்ல விரலால தேய்ச்சா எழுத்து உதிர்ந்தா, அப்ப ஃபியூசரைச் சந்தேகப்படலாம், அதுக்கும் முன்னாடி செட்டிங்ல பேப்பர் வகை சரியா இருக்கான்னு பாருங்க, கெட்டி பேப்பரை சாதா பேப்பர்னு வச்சிருந்தாலும் சூடு பத்தாம உதிரும்.

இன்னும் சந்தேகம்னா பேப்பர் பாதி போகும்போது கதவைத் திறந்து நிறுத்திடுங்க. ஃபியூசருக்குள்ள போகாத பகுதியிலயே புள்ளி இருந்தா ஃபியூசர் மேல பழி போட முடியாது. அந்தப் பகுதியில இருக்குற உருகாத டோனர் பவுடர் கையில ஒட்டும், பச்சைத் தண்ணியில கழுவுங்க, சுடுதண்ணி ஊத்தினா இன்னும் பிடிச்சுக்கும்.

மெஷினை வெளிய அனுப்புறதா இருந்தா முதல்ல ஸ்டேட்டஸ் பேஜ் ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க, கார்ட்ரிட்ஜ் நாலையும் கழட்டி லேபிளோட ஃபோட்டோ எடுங்க (டிரம்மை வெளிச்சத்துல ரொம்ப நேரம் காட்டாதீங்க, துணி போட்டு மூடிடுங்க), மாத்துன பார்ட்டைக் கையில குடுத்தாத்தான் காசுன்னு மெஷின் வாசல் தாண்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.